ஒரு கரண்டி பழைய மாவும் மான்செஸ்டர் சாக்கடையும்

சரி, கேமரா ஓடுகிறதா? ஓடுகிறது. முதலில் இதைப் பாருங்கள். ராத்திரி கரைத்து வைக்கும்போது பாத்திரத்தில் பாதிதான் இருந்தது, இப்போது மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்பு மேடையெல்லாம் இட்லி மாவு. கிட்டே காட்டுகிறேன், கரண்டியை ஓரமாக விட்டால் புஸ்ஸென்று அமுங்குகிறது, உள்ளே முழுக்கக் குமிழி. ஈஸ்ட் என்று நினைப்பீர்கள். அதைவிட லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்று வாயில் நுழையாத பேருள்ள ஒரு பாக்டீரியா விடும் கரியமில வாயுதான் முக்கியக் காரணம் என்று 1965லேயே எழுதிவிட்டார்கள். அது உளுந்தோடு ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்துவிடுகிறது, தனியாக வாங்கவேண்டியதில்லை.

இன்றைக்கு இதைப் பேசக் காரணம் என் பெரியப்பா. குடும்ப குரூப்பில் ஒரு ஃபார்வர்ட் போட்டிருக்கிறார்: தினமும் இட்லி சாப்பிட்டால் மூளை பலப்படுமாம், ஆராய்ச்சியில் நிரூபணமாம். பெரியப்பா, இட்லி எனக்கும் உயிர்தான், ஆனால் பத்து நிமிஷம் ஆவியில் வெந்த பிறகு அதில் எந்த பாக்டீரியா பிழைத்திருக்கும்? உயிரோடு வயிற்றுக்குள் போகவேண்டும் என்றால் மோர், பழைய சோறு, அந்த வகைதான்.

அப்படி உயிரோடு போனால் பலன் உண்டா? வயிற்றைப் பொறுத்தவரை ஓரளவு உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 10 வாரம் தயிர், கிம்ச்சி, கொம்புச்சா என்று புளித்த சாப்பாடாகக் கொடுத்தார்கள், 2021ல் முடிவு வந்தது. குடலில் பாக்டீரியா வகைகள் கூடின, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. சின்ன ஆய்வுதான்.

மூளைக்கு வந்தால்தான் கதை மாறுகிறது. 2011ல் அயர்லாந்தின் கார்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்கு லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவில் ஒரு வகையைக் கொடுத்தார்கள், எலிகளின் பதற்றம் குறைந்தது. வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டிவிட்டுக் கொடுத்தார்கள், அந்தப் பலன் காணாமல் போனது. அட்டகாசம், இல்லையா? அப்புறம் அதே பாக்டீரியாவை 29 ஆண்களுக்கு எட்டு வார ஆய்வு ஒன்றில் கொடுத்துப் பார்த்து 2017ல் எழுதினார்கள், ஒன்றும் நடக்கவில்லை, மருந்தில்லாத சும்மா மாத்திரையைவிட எதிலும் மேலாக இல்லை. ஃபார்வர்டில் எலி மட்டும் வருகிறது, இந்த 29 பேர் வருவதே இல்லை.

ஆனால் நம் வீட்டு மாவு வேலை ஒன்று ஊருக்கே உபயோகப்படுகிறது, சாப்பிட்டுக்கொண்டு பார்ப்பவர்கள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மார்கழிக் குளிரில் மாவு பொங்காது என்று ஒரு கரண்டி பழைய மாவைச் சேர்ப்போம் அல்லவா? அதே தந்திரம்தான் இதுவும்: இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இரண்டு பேர் பாட்டிலில் சாக்கடைத் தண்ணீரை ஊற்றி விடாமல் காற்றை ஊதினார்கள். முழுசாகச் சுத்தமாக ஐந்து வாரம் ஆனது. தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய கசடை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேலேயே புதுச் சாக்கடையை ஊற்றி மறுபடி ஊதினார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்யச் செய்ய ஐந்து வாரம் ஒரே நாளாகச் சுருங்கியது, ஏனென்றால் வேலை தெரிந்த கிருமிக் கூட்டம் அந்தக் கசடில்தான் இருந்தது. 1914ல் இதை வெளியிட்டார்கள். யோசனைக்கு வழிகாட்டிய ஃபௌலர் இரண்டு வருஷத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கே பேராசிரியராக வந்துவிட்டார். இன்றைக்கும் பல ஊர்களின் கழிவுநீர் நிலையங்களில் தொட்டி நுரைத்துக்கொண்டிருப்பது இந்த முறையில்தான், கசடில் ஒரு பங்கைத் திரும்ப முதல் தொட்டிக்கே பம்ப் செய்கிறார்கள். ஒரே வித்தியாசம், அதற்குக் காற்று வேண்டும், நம் மாவுக்கு வேண்டாம்.

குரூப்பில் இந்த வீடியோவைப் போடலாமா என்று யோசிக்கிறேன், இட்லிக்கு நடுவில் சாக்கடையா என்று பெரியம்மா திட்டுவார். சரி, நாளைக்கு இந்த ஒரு கரண்டி போதும், எடுத்து வைத்துவிட்டு மேடையைத் துடைக்கப் போகிறேன், காய்ந்தால் வராது.