மேலே சொல்ல ஏலாது

அனைவருக்கும் வணக்கம்.

அரசுகள் ஏன் தோற்றுப்போகின்றன என்று பேசச் சொன்னார்கள். நான் ஒரு வயல் வரம்பிலிருந்து தொடங்குகிறேன்.

2021 கார்த்திகை மாதம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழே என் சித்தப்பாவின் வயல். மாரி மழையோடு செய்யும் பெரும்போகத்துக்கு விதைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நெல் மட்டம் வெடித்து, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விட்டு, கரும்பச்சையாய் நிற்க வேண்டிய பருவம், மஞ்சள் பாரித்து நின்றது. சித்தப்பா ஒரு பயிரைப் பிடுங்கி என் கையில் தந்தார். இரண்டே மட்டம். யூரியா போட வேண்டிய நாள் கடந்துவிட்டது, யூரியா இல்லை. கூட்டெரு என்று கொடுத்த மூடையைப் பிரித்தால் கல்லும் பொலித்தீன் துண்டுகளும் கிடந்தன.

அந்த நேரம் விவசாய உத்தியோகத்தர் ஒருவர் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். சித்தப்பா அவரிடம், "தம்பி, இது சரிவராதெண்டு உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியும் ஐயா. மேலே சொல்ல ஏலாது" என்றார்.

இலங்கை அரசு எப்படி விழுந்தது என்று யார் கேட்டாலும் எனக்கு இந்த ஒரு வசனம்தான் நினைவுக்கு வருகிறது.

இயற்கை விவசாயத்தை நான் குறை சொல்ல வரவில்லை. 2019இல் ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்ச தன் தேர்தல் விஞ்ஞாபனத்தில் அதற்குப் பத்து ஆண்டுகள் என்றுதான் எழுதியிருந்தார். பத்து ஆண்டுகளில் மண்ணைப் பழக்கலாம், எருவுக்கு மாடு வளர்க்கலாம். ஆனால் 2021 மே மாதம் ஒரே வர்த்தமானி அறிவித்தலில் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. மண்ணின் மேல் அக்கறை என்று அரசு சொன்னது. கையில் டொலர் வற்றிக்கொண்டிருந்ததை மக்களுக்குச் சொல்லவில்லை.

டொலர் ஏன் வற்றியது? சுற்றுலா முடங்கியது உண்மை, கொரோனா உண்மை. ஆனால் கொரோனாவுக்கு முன்பே, 2019 டிசம்பரில், பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக வெட்டியிருந்தார்கள். அரசின் வருமானம் சரிந்தது, உலகச் சந்தையில் கடன் கொடுப்பவர்கள் கதவைச் சாத்தினார்கள். எச்சரித்த பொருளியலாளர்கள் இருந்தார்கள்.

உர விஷயத்திலும் எச்சரித்தவர்கள் இருந்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாறம்பே வெளிப்படையாகப் பேசினார். விவசாய அமைச்சில் அவர் வகித்த பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். யோசித்துப் பாருங்கள். பயிரைப் பற்றி ஆயுள் முழுக்கப் படித்த ஒருவருக்கே இந்தக் கதி என்றால், மோட்டார்சைக்கிளில் வந்த அந்தத் தம்பி எந்தத் தைரியத்தில் வாய் திறப்பார்?

நவம்பர் கடைசியில் தடையை விலக்கினார்கள். பயிருக்கு நாள் தவறினால் தவறினதுதான். அந்தப் பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

அடுத்தது எனக்கு இன்னும் வயிறெரிகிற விஷயம். 2022 ஜனவரியில் வெளிநாட்டுக் கடன்பத்திரக்காரர்களுக்கு 50 கோடி டொலர் கட்டப்பட்டது. கட்டாதீர்கள், கடனை மறுசீரமையுங்கள், அந்தக் காசு மருந்துக்கும் எரிபொருளுக்கும் வேண்டும் என்று பலர் மன்றாடினார்கள். கட்டினார்கள். மார்ச்சில் வினாத்தாள் அச்சடிக்கக் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சைகள் தள்ளிப்போயின. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அதே அரசு கையை விரித்தது. எரிபொருளுக்கு வரிசைகள் நீண்டன. வடக்கில் எங்களுக்கு வரிசை புதிதில்லை. யுத்த காலத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த முறை முழு நாடும் நின்றது.

ஏப்ரல் 18ஆம் திகதி புதிய அமைச்சர்கள் முன்னால் ஜனாதிபதி ஒத்துக்கொண்டார்: உரத்தை நிறுத்தியது பிழை, சர்வதேச நாணய நிதியத்திடம் முன்பே போயிருக்க வேண்டும். ஜூலையில் நாட்டைவிட்டே போனார்.

சரி, நல்ல தலைமைக்கு என்ன வேண்டும்? திறமை வேண்டும், நேர்மை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால், கெட்ட செய்தி கொண்டுவருகிறவனுக்கு வேலை போகாது என்ற நம்பிக்கை கிராமத்து உத்தியோகத்தர் வரைக்கும் இருக்க வேண்டும். தலைவரின் நல்ல குணத்தை மட்டும் நம்பி இதை விடக்கூடாது, சட்டத்தில் இருக்க வேண்டும். 2020 அக்டோபரில் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் வந்து, தேர்தல், பொலிஸ் போன்ற சுயாதீன ஆணைக்குழுக்களின் நியமனங்கள் ஜனாதிபதியின் கைக்குப் போயின. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கை தூக்கித்தான் அது நிறைவேறியது. அந்தக் கைகளுக்கும் இந்தப் பழியில் பங்குண்டு.

கசப்பைச் சொல்ல இடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். ஓய்வு பெற்றிருந்த நந்தலால் வீரசிங்கவை 2022 ஏப்ரலில் அழைத்து மத்திய வங்கி ஆளுநராக்கினார்கள். வந்த கையோடு வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினார். கடன் வாங்கிய சிறு வியாபாரிகள் நொந்தார்கள், என் மச்சானும் நொந்தார். ஆனால் அந்த செப்டெம்பரில் 70 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 4 சதவீதத்துக்கு இறங்கியது.

சித்தப்பாவுக்கு அந்தப் போகம் ஏக்கருக்கு 11 மூடை. வழக்கமாக 28 எடுப்பார். அப்புறம் ஒருநாள் அந்த உத்தியோகத்தரைச் சந்தைக்குள் கண்டேன். தன் பிரிவில் ஒவ்வொரு வயலிலும் என்ன விளைந்தது என்று அப்போதே ஒரு கொப்பியில் எழுதி வைத்தாராம். வீட்டில் இருக்கிறதாம். இன்றுவரை யாரும் கேட்கவில்லை என்றார்.