பனிச்சிறுத்தையும் ஓர் ஆட்டுப்பட்டியின் கூரையும்

வணக்கம் நண்பர்களே. திரையில் உள்ள படத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். முதலில் பாறை மட்டுமே தெரியும். ஓரத்தில் வளைந்து கிடக்கும் அந்தத் தடித்த வாலைக் கண்ட பிறகுதான், சாம்பல் நிறச் சரிவோடு சரிவாக ஒரு பனிச்சிறுத்தை படுத்திருப்பது புலப்படும். ஏறக்குறைய உடலளவுக்கு நீண்ட அந்த வால், பாறைக்குப் பாறை தாவும்போது சமநிலை தருகிறது. உறங்கும்போது முகத்தைப் போர்த்திக் குளிரைத் தடுக்கிறது.

இப்படி மறைந்து வாழும் விலங்கை எண்ணுவது எளிதன்று. 2019 முதல் 2023 வரை நடந்த கணக்கெடுப்பில், 1,971 இடங்களில் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தி, வளையப் புள்ளிகளின் அமைப்பைக் கொண்டு 241 பனிச்சிறுத்தைகளைத் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். இந்தியாவில் மொத்தம் 718 இருக்கும் என்பது மதிப்பீடு. அவற்றுள் 477 லடாக்கில் வாழ்கின்றன.

ஆனால் நான் இன்று பேச விரும்புவது ஓர் ஆட்டுப்பட்டியைப் பற்றி. லடாக்கிலும் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலும் கல்லடுக்கிக் கட்டிய பழைய பட்டிகள் பலவற்றுக்குக் கூரை கிடையாது. இரவில் பனிச்சிறுத்தை சுவரைத் தாண்டி உள்ளே குதித்துவிட்டால், தப்ப வழியின்றி மிரண்டோடும் ஆடுகளை, பசிக்குத் தேவையான ஒன்றோடு நில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாகக் கொன்றுவிடும். விடிந்ததும் அந்தக் காட்சியைக் காணும் மேய்ப்பருக்கு அது ஆண்டு வருமானமே அழிந்துபோனதாகும். அவருடைய கோபத்தை என்னால் குறைகூற முடியாது. பழிவாங்கும் கொலைகள் பிறப்பதும் அங்கேதான்.

பட்டியின் மேல் உறுதியான கம்பிவலையை விரித்து, இடைவெளியின்றி மூடும் கதவைப் பொருத்தினால், ஆடும் பிழைக்கிறது, சிறுத்தையும் பிழைக்கிறது. வேறெந்த நடவடிக்கையையும்விட இதையே நான் முதலில் வைப்பேன். ஸ்பிதியிலுள்ள கிப்பர் கிராமத்தினர் இன்னும் ஒரு படி மேலே சென்று, தங்கள் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைக் கால்நடைகள் நுழையாமல் ஒதுக்கினார்கள். பனிச்சிறுத்தையின் இயல்பான இரையான, நீல ஆடு எனப்படும் பரல் அங்கே பெருகியது. கால்நடை இழப்பை ஈடுசெய்யக் கிராம அளவில் காப்பீடும் நடத்துகிறார்கள்.

தெருநாய்க் கூட்டங்கள் காட்டாடுகளைத் துரத்துவதும், வெப்பம் ஏற ஏற மரங்களின் எல்லை மேல்நோக்கி நகர்வதும் பனிச்சிறுத்தைக்கு உள்ள வேறு ஆபத்துகள்; அவை தனியே பேச வேண்டியவை. லடாக்கில் இன்று பல மேய்ப்பர் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே விருந்தினர்களைத் தங்கவைத்து வருமானம் ஈட்டுகின்றன. பனிச்சிறுத்தையைக் காண வருபவர்களை, அது எந்தச் சரிவில் நடமாடும் என்று அறிந்த அவர்களே அழைத்துச் செல்கிறார்கள்.