வைரல் லோடு அடங்கியாச்சு, காண்டம் இன்னும் வேணுமா?

[திரையில்: ஒரு லேப் ரிப்போர்ட். 'வைரல் லோடு' வரியில ஒரு விரல் நிற்குது.]

வைரல் லோடுன்னா ரத்தத்துல எவ்வளவு வைரஸ் இருக்குங்கற கணக்கு. எச்.ஐ.வி.யோட வாழுறவங்க இந்த ரிப்போர்ட்டை வாங்கினதும் மனசுல ஒரு கேள்வி வரும். டாக்டர்கிட்ட கேட்க வாய் வராது. "கண்டறிய முடியலைன்னு போட்டிருக்கே, இனிமே காண்டம் இல்லாம சேரலாமா?"

இதுக்குள்ள ரெண்டு கேள்வி ஒட்டிக்கிட்டு இருக்கு. பிரிச்சுப் பார்ப்போம்.

முதல் கேள்வி: என்கிட்டேருந்து துணைக்கு எச்.ஐ.வி. போகுமா? எச்.ஐ.வி.யை அடக்கற ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாம சாப்பிட்டா வைரஸ் பெருக முடியாது. ஒரு மில்லி ரத்தத்துல 200 வைரஸ் பிரதிக்குக் கீழே இறங்கி, அங்கேயே நின்னுச்சுன்னா, உடலுறவு வழியா போகாது.

[திரையில்: 2019]

ஐரோப்பாவுல 'பார்ட்னர்'னு ஒரு ஆய்வு. அதோட ரெண்டாவது கட்ட முடிவு 2019-ல வந்துச்சு. ஒருத்தர் பாசிட்டிவ், ஒருத்தர் நெகட்டிவ்னு 782 ஆண் ஜோடிகள். காண்டம் இல்லாம 76,000 தடவைக்கு மேல உறவு. நெகட்டிவா இருந்த 15 பேருக்கு இடையில தொற்று வந்தது உண்மைதான். ஆனா அந்த வைரஸோட மரபணுவைத் துணையோடதுடன் ஒப்பிட்டா, ஒண்ணுகூடப் பொருந்தலை. பதினஞ்சும் வெளியிலேருந்து வந்தது. ஆண்-பெண் ஜோடிகளும் இருந்த முதல் கட்டத்துலயும் இதே முடிவுதான்.

ஆனா ரிப்போர்ட்ல தேதியைப் பாருங்க. ஒரு வருஷத்துக்கு முந்தினதா? நடுவுல மாத்திரை விட்டுப்போச்சா? வைரஸ் மறுபடி ஏறினா உடம்பு காட்டிக்கொடுக்காது. புதுசா மாத்திரை ஆரம்பிச்சவங்களுக்கு அது அடங்க ஆறு மாசம் வரை ஆகலாம்; அதுவரை காண்டம் கட்டாயம். இன்னொண்ணு, "சி.டி.4 நல்லா இருக்கு"ன்னு நிம்மதியா இருக்கறவங்க நிறைய. அது உங்க எதிர்ப்புச் சக்தியோட கணக்கு. துணைக்குப் போகுமான்னு சொல்றது வைரல் லோடு மட்டும்தான்.

ரெண்டாவது கேள்வி: மத்ததெல்லாம்? சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா எதையும் ஏ.ஆர்.டி. தடுக்காது, காண்டம் பெருமளவு தடுக்கும். கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கொண்டுவர்ற எச்.பி.வி. வைரஸை முழுசா தடுக்காட்டியும் குறைக்கும். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட ஆறு மடங்கு. அதனால இது சின்ன விஷயம் இல்லை.

"ரெண்டு பேருமே பாசிட்டிவ், அப்புறம் எதுக்கு?"ன்னு கேட்கறவங்களுக்கும் இதே பதில்தான். கூடவே, வைரஸ் அடங்காத நிலையில ஒருத்தரோட வேற ரக வைரஸ், மருந்துக்கு மசியாத ரகம்கூட, மத்தவருக்குப் போகலாம். அபூர்வம், ஆனா நடந்திருக்கு.

[திரையில்: ஒரு பாக்கெட், மெதுவா கிழிபடுது.]

காண்டம் போட்டும் கிழியுதுன்னு சொல்றவங்க, என்ன தடவினீங்கன்னு யோசிங்க. எண்ணெய், வேசலின், கைக்குப் போடற லோஷன் எல்லாமே லேடெக்ஸை நிமிஷக்கணக்குல பலவீனமாக்கிடும். தண்ணி சார்ந்த ஜெல் இல்லைன்னா சிலிகான் ஜெல் போதும். பர்ஸுக்குள்ள மாசக்கணக்கா நசுங்கிக் கிடந்ததை எடுக்காதீங்க. பல்லால கிழிக்காதீங்க. நுனியைக் கிள்ளிக் காத்தை வெளியேத்திட்டு, அடிவரை உருட்டுங்க. பாதுகாப்புக்குன்னு ரெண்டு போட்டா, ஒண்ணோட ஒண்ணு உரசிக் கிழியும். முடிஞ்சதும் விறைப்பு இருக்கும்போதே, அடியைப் பிடிச்சபடி வெளியே எடுங்க. இந்தக் கடைசி வேலையை நிறைய பேர் விட்டுடறாங்க.

வைரஸ் இன்னும் அடங்காத நேரத்துல கிழிஞ்சிடுச்சா? நெகட்டிவா இருக்கற துணைக்கு, தொற்று ஒட்டாம தடுக்க பி.இ.பி. மாத்திரை இருக்கு. 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், 28 நாள் சாப்பிடணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. காலைல பார்த்துக்கலாம்னு படுக்காதீங்க, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

[திரையில்: ஒரு கடிகாரம் ஓடுது.]