ஒரு கல்லில் மூன்று வணக்கம்

நேயர்களுக்கு வணக்கம். ஆசியச் சமயங்களையும் அவற்றோடு பின்னிக் கிடக்கும் அரசியலையும் படிப்பதிலேயே முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். அந்தப் படிப்பு எனக்குப் பல்கலைக்கழகத்தில் தொடங்கவில்லை. கீழக்கரையில், சபர், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போன ஆண்களின் கடிதத்துக்காக வீடுதோறும் காத்திருந்த தெருவில் தொடங்கியது. கொழும்பும் பினாங்கும் எங்கள் பேச்சில் மதுரையைவிட அருகில் இருந்தன.

பின்னர் ஆய்வுக்குள் நுழைந்தபோது, பௌத்தம் ஒருவருக்கு, இஸ்லாம் இன்னொருவருக்கு, அரசியல் அடுத்த கட்டடத்துக்கு என்று பாகம் பிரித்து வைத்திருந்தார்கள். கடலில் போன கப்பல் அப்படிப் பாகம் பிரித்துப் போகவில்லையே என்பது என் பழைய புலம்பல். மாணவர்கள் அலுத்துப்போகும் அளவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இலங்கையின் காலி நகரில் 1911-ல் ஒரு மதகில் கிடைத்த கல்லைப் பற்றிச் சொல்கிறேன். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த, 1409 ஆம் ஆண்டுக் கல் அது. அதில் சீன மொழி புத்தரை வணங்குகிறது, தமிழ் தெனாவரை நாயனாரை, அதாவது தேவந்துறைத் திருமாலை வணங்குகிறது, பாரசீகம் அல்லாஹ்வைப் போற்றுகிறது. செங் ஹோவோ பிறப்பால் முஸ்லிம். என்ன பரந்த மனம் என்று வியக்கத் தோன்றும். ஆனால், நேயர்களே, 1411-ல் அதே செங் ஹோ அங்கிருந்த ஆட்சியாளரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காணிக்கையும் படையும் ஒரே கப்பலில்தான் வந்தன.

கொழும்பு அருங்காட்சியகத்தில் அந்தத் தமிழ் வரிகளை நான் எழுத்துக்கூட்டிக் கொண்டிருந்தபோது, அங்கிருந்த காவலர், "ஐயா எந்த ஊர்?" என்றார். சொன்னேன். தம் பாட்டனார் இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊரின் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு நோய்ச் சோதனை முடிந்த பிறகே தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார் என்று அவர் தொடங்க, கல்லை மறந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அன்று நான் எடுத்த குறிப்பில் பாதி அவருடைய குடும்பக் கதை. நான் எழுதிய நல்ல கட்டுரை ஒன்று அந்தப் பாதியிலிருந்தே வந்தது.

எங்கள் இராமநாதபுரம் பக்கத்து ஓரியூரைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். 1693-ல் போர்ச்சுகீசியப் பாதிரியார் அருளானந்தர் அங்கே வெட்டுண்டதில் சமயம் எவ்வளவு, இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் அரண்மனை உறவுச் சிக்கல் எவ்வளவு என்பதைப் பிரித்துச் சொல்லவே முடியாது. பாதிரியார் மதம் மாற்றிய மறவர் குலத் தலைவர் தடியத்தேவர், ஒரு மனைவியே என்ற கிறித்தவ நெறிப்படி விலக்கிவைத்த மனைவியருள் ஒருவர் சேதுபதியின் உறவினர் என்பதை மட்டும் இப்போது சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். வணக்கம்.