புது ஃபைபர் லைன் வருதா? ஆள் கிளம்புறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பார்த்துடுங்க

[திரையில்: தெருக் கம்பத்துல இருந்து மாடி ஜன்னலுக்கு வர்ற மெல்லிய கறுப்பு கேபிள்]

வணக்கம். வீட்டுக்குப் புதுசா பிராட்பேண்டும் லேண்ட்லைன் போனும் போடப் போறீங்களா? நூறு எம்பிபிஎஸ் போதுமா, முந்நூறு வேணுமானு ஏற்கெனவே நாலு பேர்கிட்ட கேட்டிருப்பீங்க. அதுக்கு ரொம்ப மண்டையை உடைச்சுக்க வேண்டாம். பிளான் சரிப்படலைன்னா பின்னாடி மாத்திக்கலாம். ஆனா கேபிள் எந்த வழியா உள்ள வருது, டப்பா (ஃபைபரை வாங்கி நெட்டும் வைஃபையும் தர்ற ரவுட்டர் பெட்டி) எந்தச் சுவத்துல உட்காருது, முனையை எப்படிச் சேர்த்தாங்க, இதெல்லாம் ஒரு தடவை முடிஞ்சா வருஷக்கணக்கா அப்படியேதான் கிடக்கும். அதனால லைன் போட ஆள் வர்ற அந்த ஒரு மணி நேரத்தைப் பத்தித்தான் இந்த வீடியோ.

புக் பண்ணும்போதே ஒரு கேள்வி கேட்டுடுங்க: "வீட்டுக்குள்ள வர்றது ஃபைபரா, லேன் கேபிளா?" ஃபைபர் நெட்னுதான் எல்லாருமே சொல்வாங்க. சில இடங்கள்ல ஃபைபர் தெருமுனை வரைக்கும், இல்லைன்னா அபார்ட்மென்ட் மொட்டைமாடி வரைக்கும்தான் வரும். அங்க ஒரு ஸ்விட்ச் பெட்டியை மாட்டி, அதுல இருந்து லேன் வயரை உங்க வீட்டுக்கு இழுப்பாங்க. அந்தப் பெட்டிக்குக் கரன்ட் வேணும். கரன்ட் போச்சுன்னா, உங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தும் நெட் இருக்காது. இன்னொண்ணு, லேன் வயர் செம்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில இடி இறங்கினா அது வழியா வந்து ரவுட்டரைப் பதம் பார்த்துடும். ஃபைபர் கண்ணாடி, மின்சாரத்தைக் கடத்தாது. ஆனா வெளியில வர்ற கேபிளோட ஒரு இரும்புக் கம்பி சேர்ந்தே வரும், கம்பத்துல இழுத்துக் கட்டுறதுக்காக. அந்தக் கம்பியை வீட்டுக்கு வெளியிலயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்க.

[திரையில்: எக்ஸ்சேஞ்ச், நடுவுல ஸ்ப்ளிட்டர், அதுல இருந்து பிரியுற 32 வீடுகள்]

முழு ஃபைபர் லைன் எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா பார்த்துடலாம். எக்ஸ்சேஞ்ச்லயோ உங்க ஏரியா ஆபரேட்டர் ரூம்லயோ ஓஎல்டின்னு, வெளிச்சமா சிக்னல் அனுப்புற ஒரு மெஷின் இருக்கும். அதுல இருந்து ஒரே ஒரு இழை கிளம்பும். வழியில ஸ்ப்ளிட்டர்னு ஒரு சின்னப் பொருள் அந்த வெளிச்சத்தை 32 வீடு, 64 வீடுன்னு பங்கு போடும். இதுக்குக் கரன்டே தேவையில்லை. ஜிபான்கிற இந்த முறையில கீழ வர்ற மொத்த வேகம் சுமார் 2.5 ஜிகாபிட், மேல போறது சுமார் 1.25 ஜிகாபிட். அதை அந்த 32 வீடும் பகிர்ந்துக்குது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்பீடு குறைய இது ஒரு காரணம்.

வர்றதும் போறதும் ஒரே இழையிலதான். வர்றதுக்கு 1490 நானோமீட்டர் வெளிச்சம், போறதுக்கு 1310. ரெண்டுமே கண்ணுக்குத் தெரியாது. தெரியலையேன்னு முனையைக் கண்ணுக்கு நேரா வச்சுப் பார்க்காதீங்க. குழந்தைங்களையும் பக்கத்துல விடாதீங்க.

இப்ப ஆள் வந்தாச்சு. முதல்ல சுவத்துல துளை போடுவார். துளை வெளிப்பக்கமா கொஞ்சம் கீழே சாஞ்சு இருக்கணும். கேபிள் உள்ள நுழையுறதுக்கு முன்னாடி ஒரு வளைவு தொங்கணும். மழைத்தண்ணி அந்த வளைவோட அடியில சொட்டிப் போயிடும். இதைச் செய்யலைன்னா தண்ணி கேபிளைப் பிடிச்சுக்கிட்டே ஹாலுக்குள்ள வந்துடும், ஒரே மழைக்காலத்துல பெயின்ட் உரிஞ்சிடும்.

அடுத்தது ஸ்ப்ளைசிங், அதாவது வெளியில இருந்து வந்த இழையையும் டப்பாவுல சொருகுற முனையோட இழையையும் உருக்கி ஒட்டுறது. இதைக் கண்டிப்பா பக்கத்துல நின்னு பாருங்க, அவ்வளவு அழகான வேலை.

[திரையில்: ஸ்ப்ளைசிங் மெஷினின் சின்ன ஸ்கிரீன், ரெண்டு இழைகள் எதிரெதிரே]

கேபிளோட தோலை உரிச்சா, உள்ள ஒரு மெல்லிய கண்ணாடி இழை இருக்கும். மேல்பூச்சை எடுத்த பிறகு அதோட தடிமன் 125 மைக்ரான். வெளிச்சம் ஓடுற நடுப்பகுதி வெறும் 9 மைக்ரான்தான். அவர் டிஷ்யூல ஆல்கஹால் நனைச்சு இழையைத் துடைப்பார். துடைக்கும்போது கீச்சுனு ஒரு சத்தம் வரும். கிளீவர்ல வச்சு நேரா வெட்டுவார். மெஷினுக்குள்ள வச்சு மூடினதும், ஸ்கிரீன்ல ரெண்டு முனையும் பெருசா தெரியும், தானா நகர்ந்து நேருக்கு நேர் வரும். ஒரு மின்பொறி. ரெண்டும் உருகி ஒண்ணாயிடும். ஒட்டின இடத்துல வெளிச்சம் எவ்வளவு இழப்பாகுதுன்னு கீழ 0.01, 0.02 டிபின்னு (டெசிபல்) காட்டும். அப்புறம் ஒட்டின இடத்து மேல ஒரு ஸ்லீவை ஏத்திச் சூடு பண்ணுவார்.

சிலர் இந்த மெஷின் இல்லாமலே வருவாங்க. பிளாஸ்டிக் ஃபாஸ்ட் கனெக்டரை இழையில நேரா மாட்டி, பத்து நிமிஷத்துல முடிச்சிடுவாங்க. அன்னைக்கு நல்லாத்தான் ஓடும். ஆனா யாராவது பெருக்கும்போது கேபிள் இழுபட்டா, உள்ள இழை கொஞ்சம் விலகினாலும் சிக்னல் குறைஞ்சிடும். "ஸ்ப்ளைஸ் பண்ணிக் கொடுங்கண்ணே, மெஷின் இல்லைன்னா நாளைக்கு வாங்க"ன்னு கேளுங்க. நான் ஒரு நாள் காத்திருக்கத் தயார்னுதான் சொல்வேன்.

வேலை முடிஞ்சதும் தரையில டார்ச் அடிச்சுப் பாருங்க. வெட்டி விழுந்த இழைத் துண்டு கால்ல குத்தினா எடுக்கிறதே பெரும்பாடு. செலோடேப்பை வச்சு ஒத்தி எடுத்துடலாம்.

டப்பா எங்க வைக்கிறதுன்னுதான் பெரும்பாலான வீட்டுல சொதப்பல். வாசல் பக்கம் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலயோ, டிவிக்குப் பின்னாடியோ மாட்டிட்டுப் போயிடுவாங்க, அவங்களுக்குக் கேபிள் மிச்சம். அப்புறம் பின்னாடி ரூம்ல வைஃபை வரலைன்னு பிளானை ஏத்துவோம். பிளானை ஏத்தினா சுவர் மெலிஞ்சு போகுமா? வைஃபையில ரெண்டு அலைவரிசை இருக்கு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனா ரெண்டு சுவர் தாண்டினாலே தளர்ந்துடும். 2.4 தூரம் போகும், வேகம் கம்மி. ஹாலுக்கு நடுவாந்திரமா, நெஞ்சு உயரத்துல, பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் தள்ளி வைக்கச் சொல்லுங்க. உள்ள கேபிள் கூட பத்து மீட்டர் ஆனாலும் பரவாயில்லை, அந்தத் தூரத்துல வெளிச்சம் குறையுறது கணக்குலயே வராது. மூலையில கூர்மையா மடிக்கவும் கூடாது, கிளிப் ஆணியை நசுங்குற அளவுக்கு அடிக்கவும் கூடாது.

[திரையில்: பவர் மீட்டர், மைனஸ் 19.6]

"சிக்னல் எவ்வளவு காட்டுது?"ன்னு கேளுங்க. மீட்டரை மாட்டினா மைனஸ்ல ஒரு எண் வரும். மைனஸ் 18, 20, 22 எல்லாம் நல்லது. மைனஸ் 27 கிட்டப் போச்சுன்னா டப்பா தடுமாறும். ஒவ்வொரு 3 டிபிக்கும் வெளிச்சம் பாதியாகுது, அதனால 20க்கும் 26க்கும் நடுவுல நாலு மடங்கு வித்தியாசம். இந்த எண்ணை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. ஆறு மாசம் கழிச்சு நெட் இழுக்கும்போது, "அன்னைக்கு 19 இருந்துச்சு, இன்னைக்கு 26"ன்னு சொல்ல உங்க கையில ஆதாரம் இருக்கும்.

ஸ்பீடு டெஸ்டை போன்ல எடுக்காம, லேன் வயர்ல லேப்டாப்பை மாட்டி எடுங்க. 300 பிளான் எடுத்தும் 94, 95லயே நின்னா, லைன்மேல சந்தேகப்படுறதுக்கு முன்னாடி வயரையும் போர்ட்டையும் பாருங்க. பெரும்பாலும் அது நூறு எம்பிபிஎஸ்லயே நிக்கிற போர்ட்டாவோ, உள்ள ஒரு ஜோடி அறுந்த வயராவோ இருக்கும்.

சரி, லேண்ட்லைன். பழைய செம்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்ச்ல இருந்தே 48 வோல்ட் வந்துக்கிட்டு இருந்துச்சு. அதனால ஊரே இருட்டா கிடந்தாலும் போன் அடிச்சுது. ஃபைபர்ல அப்படி இல்லை. போன் வயர் அந்த டப்பாவோட பின்னாடிதான் போகுது. டப்பா அணைஞ்சா போனும் ஊமை. வயசான அப்பா அம்மா தனியா இருக்கிற வீடுன்னா, மினி யுபிஎஸ் ஒண்ணு கட்டாயம் வாங்கி மாட்டுங்க. அடாப்டர்ல என்ன வோல்ட் போட்டிருக்கோ, யுபிஎஸ்ஸும் அதே வோல்ட் தரணும், பெரும்பாலும் 12. ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது.

வீட்டுல பழைய எக்ஸ்டென்ஷன் வயரிங் இருந்தா அதையே பயன்படுத்தலாம். ஆனா தெருவுல இருந்து வர்ற பழைய லைனை முதல்ல கழட்டிடணும், இல்லைன்னா டப்பாவோட போன் போர்ட் போயிடும். அப்பாகிட்ட இன்னொண்ணும் சொல்லி வைங்க: 2021 ஜனவரி 15ல இருந்து லேண்ட்லைன்ல மொபைலுக்குப் பேசணும்னா முன்னாடி 0 போடணும்.

[திரையில்: டப்பாவின் முகப்பு, எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக]

கடைசியா, நெட் போச்சுன்னா கஸ்டமர் கேருக்கு அடிக்கிறதுக்கு முன்னாடி விளக்கைப் பாருங்க. டப்பாவுல பான் (PON)னு போட்ட விளக்கு பச்சையா நிலையா எரியுது, நெட் மட்டும் இல்லைன்னா டப்பாவை ஒரு தடவை அணைச்சுப் போடலாம். எல்ஓஎஸ் (LOS)னு போட்ட விளக்கு சிவப்பா இருந்தா வெளிச்சமே வரலைன்னு அர்த்தம். எத்தனை தடவை ரீஸ்டார்ட் பண்ணாலும் வராது. கேபிள் எங்கேயோ அறுந்திருக்கு, இல்லைன்னா மடங்கியிருக்கு. "எல்ஓஎஸ் சிவப்பு"ன்னு கம்ப்ளைன்ட்லயே சொல்லிடுங்க. வர்ற ஆள் ஸ்ப்ளைசிங் மெஷினையும் கையோட எடுத்துட்டு வருவார்.