பெட் தொடுத்த வழக்கு, ஹாரி எடுத்த துப்பாக்கி

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் என் அன்பான வணக்கம்.

அமெரிக்காவில் இருந்த 13 குடியேற்றங்கள் இனி பிரிட்டிஷ் அரசருக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று அறிவித்தது 1776 ஜூலை 4-ஆம் தேதி. 2026 ஜூலை 4 அதன் 250-ஆவது ஆண்டு நாள். அந்தக் கிளர்ச்சி என்றாலே வாஷிங்டன், ஜெபர்சன், ஃபிராங்க்ளின் என்று சில பெயர்கள்தான் நம் காதில் விழும். நான் இன்று பேச விரும்புவது வேறு இரண்டு பேரைப் பற்றி. ஒருவர் ஒரு வீட்டில் அடிமையாக வேலை பார்த்த பெண். இன்னொருவர் குதிரைகளைப் பராமரித்தவர். அவர்களிடம் போவதற்கு முன்னால், சண்டை எதற்காக மூண்டது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1763-இல் பிரான்ஸோடு நடந்த ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டன் பெருங்கடனில் இருந்தது. அமெரிக்காவில் வைத்திருந்த படையின் செலவில் ஒரு பங்கை அங்கிருந்தவர்களே கொடுக்கட்டும் என்று லண்டன் நாடாளுமன்றம் நினைத்தது. 1765-இல் முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரை எல்லாவற்றுக்கும் வரி. எதிர்ப்பு வலுத்து, மறு ஆண்டே அதைத் திரும்பப் பெற்றார்கள். அப்புறம் வேறு வரிகள் வந்தன. அவற்றில் பலவும் போய், கடைசியில் நிலைத்தது தேயிலை வரி.

பலரும் நினைப்பதுபோல் தேயிலை விலை ஏறியதால் பாஸ்டன் மக்கள் கொதிக்கவில்லை. 1773-இன் தேயிலைச் சட்டத்தால் விலை குறையத்தான் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்குகளில் சீனத் தேயிலை விற்காமல் குவிந்து கிடந்தது. சென்னை ஜார்ஜ் கோட்டையிலிருந்து நம்மை ஆண்ட அதே கம்பெனிதான். அதைக் கைதூக்கிவிட, நேரடியாக அமெரிக்காவில் விற்க அனுமதி கொடுத்தார்கள். பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரி மட்டும் அப்படியே இருந்தது. அந்த மூன்று பென்ஸைக் கொடுத்துவிட்டால், தங்களைக் கேட்காமல் தங்கள் மீது வரி போடும் உரிமை லண்டனுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கள்ளத்தனமாகத் தேயிலை இறக்கிய வணிகர்களின் பிழைப்பும் இதில் அடிபட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள்.

இதில் நமக்கும் தொடர்பு உண்டு. பிலடெல்பியாவின் வழக்கறிஞர் ஜான் டிக்கின்சன் அந்த ஆண்டே எழுதினார்: ஆசியாவில் இந்தக் கம்பெனி என்ன செய்தது என்று பாருங்கள், பஞ்சத்தில் ஒரே ஆண்டில் 15 லட்சம் பேர் மாண்டார்களாம், இப்போது நம்மிடம் வந்திருக்கிறது என்று. அவர் மனத்தில் இருந்தது 1770-இன் வங்காளப் பஞ்சம். அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று நடந்ததும் நம் கடலூரில்தான். அமெரிக்கர்களுக்குத் துணையாக வந்த பிரான்ஸும் பிரிட்டனும் 1783 ஜூன் மாதம் அங்கே நிலத்திலும் கடலிலும் மோதின. இரண்டு நாடுகளும் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்திட்டிருந்தன. செய்தி இங்கே வந்து சேரத் தாமதமானதால் எத்தனையோ பேர் வீணாகச் செத்தார்கள். 1781-இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் சரணடைந்த பிரிட்டிஷ் படைக்குத் தலைவரான கார்ன்வாலிஸ், பிறகு இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்தார். 1792-இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் சேலம் பகுதியையும் கம்பெனிக்குப் பெற்றுத் தந்தவர் அவர்தான்.

சரி, அந்த இரண்டு பேரிடம் வருவோம்.

மாசசூசெட்ஸில் ஷெஃபீல்ட் என்று ஓர் ஊர். அங்கே ஜான் ஆஷ்லி என்ற செல்வந்தர் வீட்டில் பெட் என்ற கறுப்பினப் பெண் அடிமையாக இருந்தார். 1773-இல் ஊர்ப் பெரியவர்கள் அந்த வீட்டில் கூடி ஒரு தீர்மானம் எழுதினார்கள். மனிதர்கள் இயல்பிலேயே சமமானவர்கள், சுதந்திரமானவர்கள் என்று தொடங்கும் தீர்மானம் அது. எழுதியவர்களில் தியோடர் செட்ஜ்விக் என்ற இளம் வழக்கறிஞரும் ஒருவர். 1780-இல் மாசசூசெட்ஸ் தனக்கென்று ஓர் அரசியல் சாசனம் இயற்றியது. எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று அதுவும் சொன்னது.

ஒரு நாள் அந்த வீட்டு எஜமானி இன்னொரு பெண்ணை அடிக்கப் பழுக்கக் காய்ந்த அடுப்புக் கரண்டியை ஓங்கினார். பெட் குறுக்கே கையை நீட்டினார். அந்தக் காயம் ஆறாத தழும்பாக நின்றது. பெட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சாசனத்தின் வரிகளைக் காதால் கேட்டிருந்தார். அவர் நேராகப் போய் நின்றது அதே செட்ஜ்விக்கின் வாசலில். எல்லோரும் சமம் என்கிறதே சட்டம், அது எனக்குக் கிடையாதா என்பதுதான் அவர் கேள்வி. செட்ஜ்விக் வழக்கை எடுத்தார். அதே வீட்டில் அடிமையாக இருந்த பிராம் என்பவரும் சேர்ந்துகொண்டார். 1781 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டன் நீதிமன்றத்தில் ஜூரிகள் இருவரும் அடிமைகள் அல்லர் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆஷ்லி 30 ஷில்லிங் இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னார்கள். கூலி தருகிறேன், திரும்பி வா என்று ஆஷ்லி அழைத்தபோது பெட் போகவில்லை. எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டு 1829 வரை வாழ்ந்தார்.

அந்தத் தீர்மானத்தை எழுதியவர்கள் பெட்டை மனத்தில் வைத்து எழுதவில்லை. ஆஷ்லிக்கு அது லண்டனை நோக்கிச் சொன்ன சொல், தன் வீட்டு அடுக்களைக்கு அல்ல. அதை அடுக்களைக்குள் கொண்டுவந்தவர் பெட். என்னைப் பொறுத்தவரை அந்தக் கிளர்ச்சியில் மிகத் துணிச்சலான செயல் இதுதான். கடலில் கொட்டிய தேயிலைகூட இதற்கு அடுத்தபடிதான்.

ஹாரியின் கதை வேறு மாதிரி. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்டவர். ஜார்ஜ் வாஷிங்டன் அவரை 1763-இல் விலைக்கு வாங்கினார். மவுண்ட் வெர்னன் பண்ணையில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டார். 1771-இல் ஒருமுறை தப்பி ஓடிப் பிடிபட்டார். 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் ஓர் அறிவிப்பு விட்டார்: கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் எங்கள் பக்கம் வந்து போரிட்டால் விடுதலை. டன்மோரே அடிமைகளை வைத்திருந்தவர். அவருக்கு வேண்டியது படைவீரர்கள். ஆனாலும் ஹாரி போனார். தன் எஜமானர் சுதந்திரத்துக்காகப் படை நடத்திக்கொண்டிருந்தபோது, ஹாரி தன் சுதந்திரத்துக்காக எதிர்ப்படையில் நின்றார்.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பலில் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா. அங்கே குளிரும் வறுமையும். 1792-இல் ஏறக்குறைய 1,200 பேரோடு சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்குப் போனார். அந்த ஊரை ஆண்டதும் லண்டனிலிருந்து நடத்தப்பட்ட ஒரு கம்பெனிதான். குடியேறியவர்களின் நிலத்துக்கு அது வரி கேட்டது. எங்களைக் கேட்காமல் எப்படி வரி போடலாம், எங்கள் சட்டத்தை நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்று 1800-இல் அவர்கள் எழுந்தார்கள். ஹாரியும் அவர்களோடு நின்றார். கம்பெனி படைபலத்தால் அடக்கி, அவரை விசாரித்து நாடு கடத்தியது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 1799 டிசம்பரில், ஜார்ஜ் வாஷிங்டன் இறந்திருந்தார். வாஷிங்டன் எதற்காகப் போரிட்டாரோ அதே காரணத்துக்காகத்தான் ஹாரியும் எழுந்தார். ஒருவர் பெயரில் தலைநகரமே இருக்கிறது. மற்றவர் பெயரை அமெரிக்கப் பிள்ளைகளிலேயே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

இன்றைய அமெரிக்காவில் சுதந்திரம் என்று சொன்னால் இரண்டு பக்கமாக வாதம் நடக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பது, குறைவான வரி, கொரோனா காலத்தில் முகக்கவசம் வேண்டாம் என்றது எல்லாம் ஒரு பக்கம். அரசு என் மேல் கைவைக்கக் கூடாது என்பது அவர்கள் நிலை. மறுபக்கத்தார், நோய் வந்தால் கடனில் மூழ்கும் மனிதன் எப்படிச் சுதந்திரமானவன் என்று கேட்கிறார்கள். அங்கே பலருக்கு மருத்துவக் காப்பீடு வேலையோடு சேர்ந்தது. பிடிக்காத வேலையை விடக்கூட முடியாது. 1941-இல் அதிபர் ரூஸ்வெல்ட், வறுமையிலிருந்தும் அச்சத்திலிருந்தும் விடுபடுவதையும் சுதந்திரங்களின் வரிசையில் சேர்த்தார். எனக்கு இரண்டாவது பக்கத்தின் மேல் சாய்வு அதிகம். ஆனால் முதல் பக்கத்தை அலட்சியப்படுத்த மாட்டேன். அதிகாரத்தை நம்பாதே என்பது நல்ல எச்சரிக்கைதான். இரு தரப்பும் தாண்டிப்போவது, பெட்டும் ஹாரியும் கேட்ட கேள்வியை: என்னைப் பற்றிய முடிவில் எனக்குக் குரல் உண்டா?

அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. வாஷிங்டன் டி.சி. நகரில் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் வாழ்கிறார்கள். மத்திய அரசுக்கு வரி கட்டுகிறார்கள். ஆனால் நாடாளுமன்றத்தில் வாக்களிக்கும் உரிமையுள்ள ஓர் உறுப்பினர்கூட அவர்களுக்குக் கிடையாது. நெடுங்காலமாகக் கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் நகரம் அது. பிரதிநிதித்துவம் இல்லாத வரி என்ற பழைய முழக்கத்தை 2000-இலிருந்து தங்கள் கார்களின் நம்பர் பிளேட்டிலேயே பொறித்து ஓட்டுகிறார்கள். அந்த நகரை மாநிலமாக்கும் மசோதா 2020-இலும் 2021-இலும் கீழவையில் நிறைவேறியது. இரண்டு முறையும் செனட்டைத் தாண்டவில்லை. 250-ஆம் ஆண்டைக் கொண்டாடும் அமெரிக்கர்கள் முதலில் அந்த மசோதாவைக் கையில் எடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நன்றி, வணக்கம்.