டெய்லர் கடைக்கே போவோம்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'பெண்ணுறுப்பின் உள் இதழைக் குறைக்கும் அறுவை அவசியமா, அநாவசியமா?' நான் அநாவசியம் அணி.

எதிரணித் தோழி போகிற போக்குல ஒண்ணு சொன்னாங்க: "நீளமான பேண்ட்டை டெய்லர் வெட்டித் தைக்கலையா? இதுவும் அவ்வளவுதான், ஒரு மணி நேர வேலை." அதுக்குக் கைதட்டல் வேற! சரி, டெய்லர் கடைக்கே போவோம்.

ஒருத்தர் புது பேண்ட் வாங்கினாரு. நாலு அங்குலம் நீளம் கூட. அம்மாகிட்ட நீட்டினாரு, "கண்ணு தெரியலப்பா." மனைவிகிட்ட நீட்டினாரு, "எனக்கு வேற வேலை இல்லையா?" மகள்கிட்ட நீட்டினாரு, "நாளைக்குப் பரீட்சைப்பா." மனுஷன் படுத்துட்டாரு. ராத்திரி பத்து மணிக்கு அம்மாவுக்கு மனசு கேக்கல. எழுந்து நாலு அங்குலம் வெட்டினாங்க. பன்னெண்டு மணிக்கு மனைவி, "ச்சே, பாவம்." நாலு அங்குலம்! விடியக்காலையில மகள், "அப்பா பாவம்." இன்னொரு நாலு! காலையில மாட்டிப் பார்த்தா ஒரு அடி காணோம். அவராவது டவுசர்னு சொல்லிப் போட்டுக்கலாம். தோழி, இங்கே?

விளிம்பை வெட்டித் தைக்கிறது ஒரு முறை. குறைஞ்சது 1 செ.மீ. அகலம் மிச்சம் விடணும். மரத்துப்போற ஊசி போட்டா திசு உப்பிடும், அதனால ஊசிக்கு முன்னாடியே கோடு போடணும். அந்தக் கோட்டையும் இழுத்துப் பிடிச்சுப் போட்டா, கையை விட்டதும் சுருங்கி, நினைச்சதைவிட அதிகம் போயிடும். அப்புறம் வறட்சி, உரசல், தழும்பு வலி, உறவில் வலி. போனதைப் பழையபடி கொண்டுவரவும் முடியாது.

'வி' வடிவத்துல நடுவுல ஆப்பு எடுத்து இணைக்கிற முறை இருக்கேன்னு கேப்பீங்க. கேரி ஆல்ட்டர்ங்கிற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1998-ல் எழுதினது. இயற்கையான விளிம்பும் நிறமும் தங்கும், ஒத்துக்கிறேன். ஆனா தையல் இழுபட்டா பிரியும், விளிம்புல பள்ளம் விழும். புகைபிடிக்கிறவங்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆபத்து இன்னும் கூட. கீழே இதழைக் குறைச்சு, மேலே இருக்கிற உணர்ச்சி மொட்டு, அதாவது கிளிட்டோரிஸ், அதோட மூடுதோலை அப்படியே விட்டா மேலே புடைப்பாத் தெரியும். உடனே "அதையும் கொஞ்சம் வெட்டிடுவோம்." பாருங்க, பன்னெண்டு மணிக்கு மனைவி எழுந்து வந்துட்டாங்க!

ஒரு மணி நேர வேலையாம்! உறவும் சைக்கிளும், மாதவிடாய்க்கு உள்ளே வைக்கிற டேம்பானும் சுமார் 6 வாரம் கிடையாது. வீக்கம் முழுசா அடங்க மாசக்கணக்கு ஆகும். அதைத் தோழி சொல்லல.

உரசிப் புண்ணாகி நிஜமாவே அவதிப்படுறவங்க கணக்கு வேற, அவங்களோட எனக்கு வழக்கு இல்லை. வளர்ச்சி முடியாத வயசுல, 18-க்கு முன்னாடி, இந்தப் பேச்சே வேண்டாம். மத்தபடி எந்த அளவுக்கு வெட்டச் சொல்றீங்க? 2005-ல் 50 பெண்களை அளந்த ஓர் ஆய்வுல உள் இதழ் அகலம் 7 மி.மீ.ல தொடங்கி 50 மி.மீ. வரைக்கும். இடது ஒண்ணு, வலது ஒண்ணுன்னு இருக்கிறதும் சகஜம்.

இது தெரியாம ஒருத்தி வருஷக்கணக்கா விளக்கை அணைச்சே வாழ்ந்திருப்பா. பெத்த தாய்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டா. ஒருநாள் டாக்டர் முன்னாடி தலையைக் குனிஞ்சு கேப்பா: "நான் மட்டும்தான் இப்படியா?" அவ கேட்டது கத்திரிக்கோல் இல்லை, நடுவர் அவர்களே. "இல்லைம்மா"ங்கிற ஒரு வார்த்தை.